பாஷா, பைத்தானா: வரிகளை எண்ணித் தீர்க்க முடியாத வழக்கு

கணினியில் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்துகொள்ள, தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஒன்றான பாஷ் போதுமா, பைத்தான் என்ற நிரல்மொழி வேண்டுமா என்று நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம், ஸ்கிரிப்டின் (கட்டளைகளை எழுதிச் சேமித்த கோப்பின்) நீளத்தை வைத்து யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கூகுளின் ஷெல் வழிகாட்டியும் 100 வரிகளைத் தாண்டினால் வேறு மொழிக்கு மாறச் சொல்கிறது. இந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றே வரியில் பாஷ் என் காலை வாரியிருக்கிறது.

வீட்டில் ஸ்கேன் செய்து வைத்திருந்த தாள்களை ஆண்டுவாரியாகப் பிரிக்க, ஒவ்வொரு கோப்பாக எடுத்து அதே வேலையைச் செய்யும் ஒரு சிறிய லூப் எழுதினேன். மேக் கணினியின் டெர்மினலில் நேரடியாகத் தட்டியபோது ஒழுங்காக ஓடிய அதே வரிகள், பாஷ் ஸ்கிரிப்டாகச் சேமித்து ஓட்டியதும் 'அம்மா மருந்துச் சீட்டு' என்ற ஒரே கோப்பை மூன்று கோப்புகளாக எண்ணித் தேடி, எதுவும் இல்லை என்று கைவிரித்தன. மேற்கோள்குறிக்குள் வைக்காத மாறியின் (கோப்புப் பெயரைத் தாங்கும் குறிப்பெயரின்) மதிப்பை பாஷ் இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டிவிடும். 2019 இல் வெளிவந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல்லாக இருக்கும் இசட்-ஷெல் அப்படி வெட்டுவதில்லை. பிழை என்னுடையதுதான். ஆனாலும், ஒரு மேற்கோள்குறியை மறந்தால் பொருளே மாறிவிடும் மொழியிடம் கோப்புப் பெயர்களை ஒப்படைக்க எனக்கு இப்போது தயக்கமாகவே இருக்கிறது.

அதற்காக ஷெல்லைக் குறைத்துச் சொல்லமாட்டேன். வந்துபோகும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாகப் பதியும் வெப் சர்வரின் லாக் கோப்பில் எந்த ஐபி முகவரி அதிகமுறை வந்தது என்று பார்க்க, முதல் நெடுவரிசையை வெட்டி எடுத்து, வரிசைப்படுத்தி, எண்ணி, மறுபடியும் வரிசைப்படுத்தும் ஒரு வரி போதும். 1973 இல் பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி யூனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்ற, ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் பைப் இன்றும் அங்கே அழகாக உழைக்கிறது. ஒவ்வொரு வரியும் தனித்தனிச் செய்தியாக இருக்கும்வரை அதை மிஞ்ச ஆளில்லை.

தமிழ் எழுத்துகளைத் தொடும் வேலையென்றால் நான் யோசிக்காமல் பைத்தானுக்குப் போய்விடுவேன். 'தமிழ்' என்ற சொல், எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இல் 15 பைட்டுகள், யூனிகோடு கணக்கில் 5 குறியீடுகள், நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். பைத்தானும் நீளம் கேட்டால் 5 என்றுதான் சொல்லும். ரீஜெக்ஸ் போன்ற ஒரு கூடுதல் தொகுப்பை நிறுவினால் 3 கிடைக்கும். 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் வரலாம், பிரிந்து இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு. பைத்தானில் இதை ஒரே வரியில் சீராக்கிவிடலாம். பாஷுக்குள்ளேயே இதற்கு வழியில்லை.

2006 இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஷெல்லான பவர்ஷெல், வெறும் உரைக்குப் பதிலாக, பெயர், அளவு போன்ற விவரங்களைத் தனித்தனியே தாங்கிய பொருள்களையே (ஆப்ஜெக்ட்) பைப்பில் அனுப்புவதால் பாதிச் சிக்கலை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. கருத்தளவில் அதுவே மேலானது என்பேன். அதன் நீண்ட கட்டளைப் பெயர்கள்தான் என் விரல்களுக்கு ஒத்துவரவில்லை.

இப்போது என் கணினியில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங் கட்டளையை அழைக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் பாஷிலேயே இருக்கிறது. பெயர் மாற்றும் வேலை முழுவதும் பைத்தானுக்கு மாறிவிட்டது. பைத்தானிலிருந்து வெளிக்கட்டளை ஒன்றைப் பாதுகாப்பாக அழைக்க, கட்டளையின் பெயர், கோப்புப் பெயர் என ஒவ்வொரு பகுதியையும் பட்டியலில் தனித்தனியாக அடுக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான். ஆனால் அப்படி அடுக்குவதால்தான் 'அம்மா மருந்துச் சீட்டு' அங்கே உடையாமல் ஒன்றாகவே போய்ச் சேருகிறது.