பெண்கள் போட்டி வந்தால் ஓட்டிவிட உங்களுக்கு யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பெண்கள் ரெஸ்லிங் போட்டியைக் காட்டாமல் வேகமாக ஓட்டிவிட்டதைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கொமெண்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரி, விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

சவூதியின் ரியாத்தில் நடந்த WWE ரெஸ்லிங்கைப் பெரிய திரையில் போட்டார்கள். ஆண்களின் கிங் ஒஃப் த ரிங் தொடரின் இறுதிப் போட்டி, கோடி ரோட்ஸும் ரண்டி ஓர்ட்டனும், ஒரு நொடி விடாமல் ஓடியது. பெண்களின் குயின் ஒஃப் த ரிங் தொடரின் இறுதிப் போட்டியில் அசுக்கா நடந்து வந்துகொண்டிருக்கும்போதே ஒரு தம்பி லப்டொப்பில் கையை வைத்தார். "இது பிரேக்" என்றார். அடுத்து நாங்கள் கண்டது ஜேட் கார்கில் வென்று நிற்பதை. முன்வரிசையில் நம்ம கபடிப் பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுக்கு என்ன சொல்வது?

உங்களுக்குப் பிடிக்கவில்லையா, எழும்பி வெளியே போங்கள். ஒருவரும் கட்டி வைக்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்க்க வந்த இடத்தில் பெண்கள் போட்டியை ஓட்டிவிட உங்களுக்கு யார் சொன்னது?

அசுக்கா யார் என்று தெரியுமா? 2018 ஜனவரியில் பெண்களுக்கென்று முதல்முறை றோயல் றம்பிள், அதாவது பலர் ஒன்றன்பின் ஒன்றாக ரிங்குக்குள் வந்து மோதும் போட்டி, வைத்தபோது அதை வென்றவர். நாற்பது வயதைத் தாண்டியவர். காயம்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ரிங் பக்கமே வராமல் இருந்து, திரும்பி வந்த கையோடு இறுதிப் போட்டி வரை போனார். அந்த வருகையைத்தான் ஓட்டிவிட்டீர்கள்.

"எல்லாம் பொய், முடிவு முதலே எழுதினது, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆண்கள் போட்டியின் முடிவும் எழுதினதுதான், அதற்கு நீங்கள் கத்திய கத்தல் றோட்டுக்குக் கேட்டது. நாங்கள் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர். அருச்சுனன் வெல்லுவான் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்துக் களரியைச் சுற்றி இருக்கிறோம். வெல்வது யார் என்பதற்காகவா இருக்கிறோம்? ஆட்டத்தைப் பார்க்க, அந்த உடுப்பையும் கிரீடத்தையும் சுமந்துகொண்டு கூத்தாடுபவர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்க. மேல் கயிற்றில் ஏறி நின்று பாய்கிற பெண்ணின் முழங்கையும் முதுகும் உண்மை. விழுந்தால் நோகும். 2017இல் மே யங் கிளாசிக் என்ற பெண்கள் தொடரை வென்ற கைரி சேன், மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து முழங்கையை நீட்டிக்கொண்டு பாய்வதை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து பிரேக் என்று சொல்லுங்கள்.

அடுத்தது உடுப்பு. பெண்கள் மோதும் உடுப்பு நம் கலாசாரத்துக்குச் சரியில்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். சவூதியில் பெண்கள் உடம்பை மூடித்தான் மோதுகிறார்கள், 2019இல் ரியாத்தில் நட்டாலியாவும் லேசி எவன்ஸும் மோதிய முதல் போட்டியிலிருந்தே அப்படித்தான். நீங்கள் ஓட்டிவிட்டதும் ரியாத் போட்டிதான். அப்போ உடுப்பா பிரச்சினை? அதே மே யங் கிளாசிக்கில் ஹரியானாவின் கவிதா தேவி சல்வாரோடு வந்து மோதினார். பளுதூக்கும் வீராங்கனை. முதல் சுற்றிலேயே தோற்றார், அந்த வீடியோ உலகம் சுற்றியது. சல்வார் போட்டு வந்தவரை நீங்கள் பார்த்தீர்களா? இல்லைதானே. ஆண்கள் ஜட்டியோடு மோதும்போது ஒருவருக்கும் கலாசாரம் ஞாபகம் வரவில்லை.

"பெண்கள் போட்டி விறுவிறுப்பு இல்லை" என்பதை ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். 2021இல் குயின்ஸ் கிரவுண் என்று தொடங்கிய தொடரில் பல போட்டிகள் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தன. அந்த நேரத்துக்குள் யாரால் என்ன காட்ட முடியும்? 2015 பெப்ரவரியில் ஒரு பெண்கள் போட்டி அரை நிமிடத்தில் முடிந்தபோது ரசிகர்கள்தான் இணையத்தில் கொதித்து எழும்பினார்கள். அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல நேரம் கிடைத்தது. 2019இல் WWEயின் ஆகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் கடைசி, முக்கியப் போட்டியே பெண்களுடையது. பெக்கி லிஞ்ச், ரொண்டா ரவுஸி, சார்லட் ஃபிளேயர். நேரம் கொடுத்தால் செய்து காட்டுகிறார்கள். கிடைக்கிற அந்த நேரத்தையும் நீங்கள் ஓட்டிவிடுகிறீர்கள்.

எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய நோவு இல்லை. சின்ன வயதில் கல்லடியில் பெரியம்மா வீட்டில்தான் ரெஸ்லிங் பார்ப்போம். அண்ணன்மார் கதிரையில், நான் நிலத்தில். பெண்கள் போட்டி தொடங்கினதும் "புள்ள, போய்த் தேத்தண்ணி ஊத்து" என்பார்கள். எனக்குப் பிடித்த ஒரே போட்டிக்கு நான் குசினியில் நிற்பேன். கேத்தல் கொதிக்கும் சத்தத்துக்கு மேலால் மணிச்சத்தம் கேட்கும். தட்டோடு ஓடி வந்தால் விளம்பரம் போய்க்கொண்டிருக்கும். யார் வென்றது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, பார்த்திருக்கவே மாட்டார்கள். அண்ணன்மார் கெட்டவர்கள் இல்லை, என்னைப் படிப்பித்தவர்கள். ஆனால் அந்தப் போட்டியெல்லாம் எனக்குப் போனது போனதுதான்.

"சின்ன விசயத்தைப் பெரிசாக்கிறா, கலியாணம் கட்டினா சரியாயிடும்" என்றும் ஒரு கொமெண்ட். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள். என்னைத் தெரிந்தவர்களும் போட்டிருக்கிறார்கள், பெயர் பார்த்தேன். அம்மா "விடு மனே, அவனுகளோட என்ன கதை" என்கிறா. விட முடியவில்லை.

ஹனா கிமுரா என்று ஜப்பானில் ஒரு பெண் இருந்தார். 2019இல் ஸ்டார்டம் என்ற பெண்கள் ரெஸ்லிங் அமைப்பின் ஃபைவ் ஸ்டார் கிராண்ட் பிரி தொடரை வென்றவர். ஒரு ரீவி நிகழ்ச்சியில் வந்ததற்காக முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். 2020 மே மாதம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 22. தாயும் ரெஸ்லிங் வீராங்கனைதான், மகளுக்காக விடாமல் போராடினார். 2022இல் ஜப்பான் இணைய அவமதிப்புக்குச் சிறைத் தண்டனையைக் கூட்டியது. நான் ஹனா இல்லை, எனக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனால் எழுதுகிற கை யாருடைய வீட்டுக்குள் போகிறது என்று எழுதுபவனுக்குத் தெரியாது. கபடிப் பிள்ளைகளும் அந்தக் கொமெண்டுகளை வாசித்திருக்கிறார்கள். நேற்றுப் பயிற்சிக்கு இரண்டு பேர் வரவில்லை. காரணம் இதுதானா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை.

கிளப் நிர்வாகத்துக்கு: நானும் சந்தா கட்டுகிறேன். வருகிற ஞாயிறு அந்த அசுக்கா – ஜேட் கார்கில் போட்டியை முதலிலிருந்து கடைசி வரை போடுங்கள். பிள்ளைகளை நானே கூட்டி வருகிறேன்.