போர்ட்டிஸ்ஹெட் ஓர் ஆல்பத்தோடு முடிந்துபோன குழு அல்ல

“‘டம்மி’யோடு போர்ட்டிஸ்ஹெட்டின் கதை முடிந்தது, பிறகு வந்தவற்றை யாரும் சீந்தவில்லை” என்று பிரிட்டிஷ் இசைக்குழுவான போர்ட்டிஸ்ஹெட்டைப் பற்றிச் சிலர் சொல்வதுண்டு. தவறு. 1994இல் வந்த முதல் ஆல்பமான ‘டம்மி’ பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது, மறு ஆண்டே சிறந்த ஆல்பத்துக்கு அங்கே வழங்கப்படும் மெர்க்குரி பரிசும் வென்றது என்பதெல்லாம் சரிதான். ஆனால் 1997இல் குழுவின் பெயரிலேயே வந்த இரண்டாவது ஆல்பமும், பதினோரு ஆண்டுகள் காக்கவைத்து 2008இல் வந்த ‘தேர்ட்’டும் அங்கே அதே 2ஆம் இடத்தைத் தொட்டன. அமெரிக்காவில் ‘தேர்ட்’ 7ஆம் இடத்துக்கே போனது. ‘டம்மி’ அங்கே முதல் 50க்குள்கூட வரவில்லை!

‘தேர்ட்’டில் உள்ள ‘மெஷின் கன்’ பாடலை ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். சம்மட்டி அடியாக விழும் டிரம் ஒலிக்கு நடுவே குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸின் குரல் நூலிழைபோல் நடுங்கி, அறுந்துவிடாமல் நிற்கிறது.