பத்ரோன் வீட்டுக்காரர் போடும் பிச்சை இல்லை

இரண்டு நாளாக எல்லார் சமூக ஊடகப் பக்கத்திலும் சுற்றும், பார்சலோனாவின் ரவால் பகுதி அறை விளம்பரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அறைக்கு ஒரு வாடகை, பத்ரோன் (அந்த முகவரியில் வசிப்பதாக நகராட்சியில் செய்யும் பதிவு) வேண்டுமென்றால் தனிக் கட்டணம். விளம்பரத்தைவிட அதன் கீழே வந்த பின்னூட்டங்கள்தான் மனதை அறுக்கின்றன. "வீடு அவருடையது, கொடுப்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம்" என்று விவரம் தெரிந்தவர்களே எழுதுகிறார்கள்.

இல்லை. அவர் இஷ்டம் இல்லை. ஸ்பெயினில் வசிப்பவர் எவரும் தான் குடியிருக்கும் நகராட்சியில் பெயரைப் பதிந்தே ஆகவேண்டும் என்கிறது 1985ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். விசா இல்லாதவருக்கும் இது பொருந்தும். 2010இல் கத்தலோனியாவின் விக் நகராட்சி, குடியிருப்பு அனுமதி இல்லாதவர்களைப் பதியமாட்டோம் என்று கிளம்பியது. அது சட்டவிரோதம் என்று அரசு வழக்கறிஞர்கள் சொன்னதும் பின்வாங்கியது. ஒரு நகராட்சிக்கே இல்லாத அதிகாரம், அறை வாடகைக்கு விடுபவருக்கு எங்கிருந்து வந்தது?

வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் உரிமையாளரிடம் கேட்கவே வேண்டாம். நகராட்சி அலுவலகத்தில் முன்பதிவு எடுத்து, அசல் பாஸ்போர்ட், ஒப்பந்தம், படிவத்தோடு போங்கள். "பத்ரோன் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. அறை மட்டும் எடுத்திருந்தால், வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்திட்ட அனுமதியும் அவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும். மறுக்கிறாரா? "இங்கேதான் வசிக்கிறேன், நேரில் வந்து பாருங்கள்" என்று நகராட்சியிடம் மனு கொடுங்கள். ஆள் அங்கே வசிக்கிறாரா என்பதை மட்டுமே அவர்கள் பார்க்க வேண்டும். எந்த உரிமையில் வசிக்கிறார் என்பது அவர்கள் வேலையில்லை என்று 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. முத்திரையிட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் பதிந்ததாகவே கணக்கு.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். பார்சலோனாவில் மாடி எண்ணோடு கதவு எண்ணும் வேண்டும். பழைய கட்டடங்களில் முதல் மாடிக்குக் கீழேயே 'என்ட்ரெசுவேலோ', 'பிரின்ஸிபால்' என்று இரண்டு தளங்கள் இருக்கும். படியை எண்ணி மூன்றாவது மாடி என்று எழுதினால், பதிவேட்டில் அது முதல் மாடியாக இருக்கும். நம்மவர்களுக்குப் பெயர்ச் சிக்கல் வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்க, ஒப்பந்தத்தில் அப்பா பெயரைச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

"பத்ரோன் கொடுத்தால் வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள்" என்பீர்கள். பத்ரோனால் வீட்டின்மேல் எந்த உரிமையும் வராது. காலி செய்தவர் பெயர் நீக்காமல் போனால், அதை நீக்கச் சொல்லி உரிமையாளரே நகராட்சியில் மனு கொடுக்கலாம். "ஒரே முகவரியில் இருபது பேரைப் பதிந்து விற்கிறார்களே?" விற்கிறார்கள், உண்மைதான். குடியிருப்பவனுக்கு மறுப்பதால்தானே குடியிராத முகவரிக்குச் சந்தை உண்டாகிறது! "வீட்டில் அத்தனை பேர் தங்கக் கூடாதே" என்றால், வாடகை வாங்கும்போது எங்கே போயிருந்தது அந்தக் கணக்கு?

மறுக்கப்படுவது வெறும் தாள் இல்லை. மருத்துவ அட்டைக்குப் போனாலும், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் முதலில் கேட்பது பத்ரோன். விசா இல்லாமல் வசிப்பவர் குடியிருப்பு அனுமதி பெறும் வழிதான் அராய்கோ; 2025 மே 20 முதல் அதற்கு வசிப்புக் காலம் இரண்டு ஆண்டு போதும். அந்த இரண்டு ஆண்டுக்கும் முதல் சாட்சி பத்ரோன்தான். நள்ளிரவு வரை உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிற பையன் மாதாமாதம் ரொக்கமாக வாடகை கொடுக்கிறான், ரசீது கிடையாது. பத்ரோனும் இல்லையென்றால் அவன் இந்த ஊரில் இருந்ததற்கே அடையாளம் இல்லை.

எனக்கு வலிப்பது இதுதான்: அந்த விளம்பரத்தைப் போட்டது கத்தலான் முதலாளி இல்லை. நம் பக்கத்து ஆள். இதே கையெழுத்துக்காக ஒரு காலத்தில் யார் யார் வீட்டு வாசலிலோ நின்றவர்கள்தான் இன்று அதற்கு விலை சொல்கிறார்கள். "அவரும் கஷ்டப்பட்டுத்தானே வந்தார்" என்று அவருக்காகப் பரிந்து பேசாதீர்கள். பதிவுக்கு நகராட்சி ஒரு சென்ட் கூட வாங்குவதில்லை. அவர் செய்யவேண்டியது தன் பெயரையும் அடையாள எண்ணையும் எழுதி ஒரு கையெழுத்துப் போடுவது. அதற்கு மனமில்லை என்றால் அறையை வாடகைக்கு விடாதீர்கள்.