பழைய ஆட்டத்துக்கு ஏன் விலை இறங்குவதில்லை?

போன சனிக்கிழமை அக்கா மகனுடன் சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் முந்தைய ஆண்டுகளின் கால்பந்து வீடியோ கேம் டிஸ்க்குகள் மலிவு விலையில் குவிந்து கிடந்தன. பக்கத்திலேயே 2017-இல் வந்த 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' என்ற வண்டிப் பந்தய ஆட்டம். யாரோ விளையாடிவிட்டுக் கொடுத்த பிரதிதான், ஆனால் புதியதை விடச் சற்றுத்தான் விலை குறைவு. எவ்வளவு பேரம் பேசியும் கடைக்காரர் அசையவில்லை. அவர் செய்தது சரி என்பேன்.

கால்பந்து ஆட்டம் ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. வந்ததும் பழையதை விட்டுக் கூட்டம் கிளம்பிவிடுகிறது. மரியோ கார்ட் 8 அப்படியல்ல. முதலில் 2014-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ யூ' என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்தது. அந்தக் கருவி உலகம் முழுவதும் விற்றதே சுமார் 1.35 கோடிதான். அதே ஆட்டம் அந்த நிறுவனத்தின் அடுத்த கருவியான ஸ்விட்ச்சுக்கு மாறிய பிறகு 6 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. விளம்பரத்தால் மட்டும் இது நடக்காது.

காரணத்தை எங்கள் பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. வீடியோ கேம் பக்கமே போனதில்லை. பேரன் ஸ்விட்ச்சின் கைப்பிடியான ஜாய்-கானைக் கையில் கொடுத்து, வண்டி பாதையை விட்டு விலகாமலிருக்கும் வசதியையும் தானாகவே ஓடும் வசதியையும் போட்டுவிட்டான். வளைவு வரும்போதெல்லாம் அம்மா தோளோடு சேர்ந்து சாய்ந்தார். இந்த ஆட்டத்தில் முன்னே போகிறவருக்கு வாழைப்பழத்தோலும் காசும்தான் பெரும்பாலும் கிடைக்கும். பின்தங்கியவருக்கே பலமான உதவி வரும். கடைசியில் கிடந்த அம்மா திடீரென்று தோட்டாவாக மாறி ஐந்தாறு வண்டிகளைத் தாண்டிப் பறந்தார். பன்னிரண்டு பேரில் ஒன்பதாவது இடம். "இன்னொரு தடவை போடு கண்ணா" என்றார்.

புதிதாக வந்து உட்காருகிறவருக்கு முதல் நாளிலேயே இடம் கொடுக்கும் ஆட்டம், கருவி வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் புதிய ஆட்டம்தான். அதனால்தான் விலை நிற்கிறது.

நகரத்தில் சுற்றிக் குற்றங்கள் செய்யும் ஆட்டமான 'ஜிடிஏ 5' வேறு வழியில் நிலைத்தது. 2013-இல் வெளியானது, மூன்று தலைமுறைக் கருவிகளுக்கு மறுபடி மறுபடி விற்றார்கள். பழையதையே விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்ற கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் இணைய ஆட்டத்தில் இத்தனை ஆண்டுகளாகப் புதிய வேலைகளைச் சேர்த்துக்கொண்டே வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று கடைக்காரர் கேட்ட விலையையே கொடுத்து வாங்கினேன். அக்கா வீட்டுக்குத்தான். எங்கள் வீட்டுப் பிரதியை அம்மா தரமாட்டேன் என்றுவிட்டார்.