வேக்போர்டு நடுவருக்குத் தாள் தேர்வு மட்டும் போதாது

ராமநாதபுரம் கரையில் அரியமான், பிரப்பன்வலசை, மண்டபம் பக்கம் நீர் விளையாட்டுப் போட்டி என்று பேச்செடுத்தாலே படகு என்ன விலை, பலகை எங்கே கிடைக்கும், ஸ்பான்சர் யார் என்றுதான் பேச்சு போகிறது. மதிப்பெண் போடப் போவது யார் என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் வருகிறது. பாய்மரப் படகுப் போட்டியில் யார் முந்தினார் என்று கரையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். படகு கயிற்றால் இழுக்க, பலகையில் நின்றபடி படகு கிளப்பும் அலையில் ஏறித் தாவி ட்ரிக் எனும் வித்தைகள் காட்டும் வேக்போர்டிங்கில் அப்படி இல்லை. ஜெயித்தவர் யார் என்பது மூன்று அல்லது ஐந்து நடுவர்களின் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கண்ணைப் பழக்காமல் போட்டி நடத்துவது, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து வந்த பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

நடுவர் ஆவதற்கு ஒருநாள் வகுப்பு, திரையில் ட்ரிக் பெயர்கள், மாலையில் ஐம்பது கேள்வித் தாள், உடனே சான்றிதழ். இந்த முறையை நான் முழுக்க எதிர்க்கிறேன். காரணம் எளிய கணக்கு. படகு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 10 மீட்டர். 400 மீட்டர் பாதை 40 நொடியில் முடிந்துவிடும். 20 முதல் 25 மீட்டர் கயிற்றின் முனையில் இருப்பவர் அதற்குள் ஐந்தாறு ட்ரிக் செய்துவிடுவார். ஒவ்வொன்றும் காற்றில் நிற்பது ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை. எந்தக் கால் முன்னால் இருந்தது, பலகையின் எந்த விளிம்பில் அலை ஏறினார், எத்தனை டிகிரி சுற்றினார், கைப்பிடி முதுகுக்குப் பின்னால் கை மாறியதா, பலகையைப் பிடித்தாரா வெறுமே தொட்டாரா, எதிர் அலையின் சரிவில் இறங்கினாரா என்று எல்லாவற்றையும் அந்த ஒரு நொடிக்குள் பார்த்தாக வேண்டும். ட்ரிக்குக்கு விளக்கம் எழுதத் தெரிந்தவருக்கு அதைக் கண்ணால் பிடிக்கத் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே பயிற்சியில் ட்ரிக் பெயர்கள் முதல் பாடமாக இருக்கக் கூடாது. முதல் பாடம் கால். இடது கால் முன்னே வைப்பவர் ரெகுலர், வலது கால் முன்னே வைப்பவர் கூஃபி. படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு, ரெகுலர் ஆட்டக்காரர் இடமிருந்து வலமாக அலையைத் தாண்டினால் அது ஹீல்சைடு, அதாவது குதிகால் பக்க விளிம்பு; வலமிருந்து இடமாக வந்தால் டோசைடு, அதாவது கால்விரல் பக்க விளிம்பு. கூஃபிக்கு இது அப்படியே எதிர். ஸ்விட்சில், அதாவது பழக்கமில்லாத காலை முன்னே வைத்து வந்தாலும் மாறும். கரையில் உட்கார்ந்த நடுவருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். போகும்போது ஆட்டக்காரரின் மார்பு தெரிந்தால் திரும்பி வரும்போது முதுகுதான் தெரியும். முதுகுப் பக்கம் பலகையைக் கையால் பிடிக்கும் கிராப் ஒரு திசையில் நன்றாகத் தெரியும், மறு திசையில் உடம்பு மறைத்துவிடும். இதைத் தெரியாதவர் ஒரே கிராபுக்கு ஒரு தடவை மதிப்புக் கொடுத்து, மறு தடவை கொடுக்காமல் விட்டுவிடுவார்.

அடுத்து சுற்று எண்ணுவது. காற்றில் பறப்பவரைப் பார்த்து ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எண்ணுகிற பழக்கத்தை முதல் நாளே விடச் சொல்ல வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னால் இருந்த காலைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 180, 540, 900 என்றால் கால் மாறியிருக்கும். 360, 720 என்றால் மாறியிருக்காது. 540-ஐ 720 என்று எழுதிவிடுகிற தவறு இந்த ஒரு பழக்கத்தால் கிட்டத்தட்ட ஒழியும். மிச்சம் ஒன்று இருக்கிறது: கடைசி 90 டிகிரியைக் காற்றில் முடிக்காமல் தண்ணீரில் வழுக்கி முடிப்பவர்கள். அதைப் பிடிக்க, இறங்கும் கணத்தில் ஆட்டக்காரரின் முகத்தை விட்டுப் பலகையின் நுனியைப் பார்க்கப் பழக வேண்டும்.

பெயர்களைச் சொல்லித்தரும்போது ஜோடி ஜோடியாகக் காட்டினால் மனதில் நிற்கும். டான்ட்ரம், பேக்ரோல் இரண்டுமே ஹீல்சைடிலிருந்து போடும் கரணங்கள்தான். டான்ட்ரமில் பலகை வால் பக்கமாகப் புரளும், பேக்ரோலில் விளிம்பு பக்கமாக உருளும். கிரிப்ட், பிளைண்ட் ஜட்ஜ் இரண்டும் ரேலியில், அதாவது உடம்பும் பலகையும் பின்னால் நீள ஆட்டக்காரர் பறக்கும் தாவலில் தொடங்கி 180-இல் முடியும். பிளைண்ட் ஜட்ஜில் ஆட்டக்காரர் படகுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி இறங்குவார். மெதுவாக ஓட்டிய காணொலியில் எல்லாருக்கும் இது புரிந்துவிடும். முழு வேகத்தில், ஒரே ஒருமுறை காட்டினால்தான் யாருக்குப் புரிந்தது என்று தெரியும். பயிற்சியின் இரண்டாம் பாதி முழுக்க அப்படித்தான் இருக்க வேண்டும்.

எழுதுபவரையும் சேர்த்தே பழக்குங்கள். நடுவர் வாயால் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் குறிக்க வேண்டும். நடுவரே குனிந்து எழுதினால் அடுத்த ட்ரிக் போய்விடும்.

இனி மதிப்பெண். சர்வதேச வாட்டர்ஸ்கி வேக்போர்டு சம்மேளனத்தின் படகுப் போட்டி முறையில் மூன்று அளவுகோல்கள் உண்டு. செய்த நேர்த்தி ஒன்று. உயரம், கடினம், துணிச்சல் சேர்ந்த தீவிரம் ஒன்று. எதை எந்த வரிசையில் கோத்தார், இரு பக்கமும் ஆடினாரா என்ற அமைப்பு இன்னொன்று. புதிய நடுவர்கள் தடுமாறுவது மூன்றாவதில்தான். ஹீல்சைடிலேயே ஐந்து கரணம் போட்டவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, ஹீல், டோ, ஸ்விட்ச் மூன்றிலும் இரு திசையிலும் சுற்றியவரைக் கீழே தள்ளிவிடுவார்கள். கரணம் கண்ணைப் பறிக்கும், சுற்று பறிக்காது. முதல் ஆட்டக்காரருக்கே 85 போட்டுவிட்டு, பின்னால் வரும் நல்ல ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாமல் திணறுவதும் அடிக்கடி நடக்கும். விழுந்தவர் விஷயத்திலும் இதே தடுமாற்றம். விழுந்த ட்ரிக்குக்கு மதிப்பு கிடையாது, நேர்த்தியிலும் அடி விழும். அதற்காக, எழுந்து அவர் செய்த மிச்ச ஓட்டத்தையும் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது.

தேர்வை எப்படி வைப்பது? விதிகள், பாதுகாப்பு, புகார் நடைமுறை ஆகியவற்றுக்குத் தாள் தேர்வு இருக்கட்டும், கால் பங்கு மதிப்புக்கு மேல் வேண்டாம். மீதி முழுக்கக் கண்ணுக்கான தேர்வு. அனுபவமுள்ள மூன்று நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் போட்டு வைத்த பன்னிரண்டு ஓட்டங்களை முழு வேகத்தில், ஒருமுறை மட்டும் காட்டுங்கள். அதில் இரண்டு ஓட்டங்கள், சொல்லாமல் திரும்ப வரட்டும். ஒரே ஓட்டத்துக்கு முதலில் 72, பிறகு 60 போடுகிறவர் மற்றவர்களோடு ஒத்துப்போகிறாரா என்று பார்ப்பதற்கு முன், தன்னோடு தானே ஒத்துப்போகவில்லை.

திரும்ப வரும் இரண்டை நீக்கிவிட்டு, தேர்வு எழுதியவர் போட்ட வரிசையை அந்த மூன்று நடுவர்களின் வரிசையோடு ஒப்பிடுங்கள். பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வரும் ஸ்பியர்மன் தர ஒட்டுறவுக் கெழுவே இதற்குப் போதும்; இரண்டு வரிசையும் அப்படியே ஒத்துப்போனால் அது 1. ஐந்து பேரை வைத்துப் பார்த்தால், இரண்டாமவரையும் மூன்றாமவரையும் இடம் மாற்றியவருக்கு 0.9 வரும். முதலாமவரையும் கடைசி ஆளையும் மாற்றிப் போட்டவருக்கு மைனஸ் 0.6. என் கருத்தில் 0.85-க்குக் கீழே வந்தவரை முடிவு சொல்லும் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. எல்லாருக்கும் பத்து மதிப்பெண் குறைத்துப் போடும் கறார்க்காரரைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், அவர் வரிசை சரியாக இருந்தால் போதும். ஆனால் மதிப்பெண்ணின் வீச்சைக் கட்டாயம் பாருங்கள். நால்வர் 60-க்கும் 70-க்கும் நடுவில் போட, ஒருவர் மட்டும் 20 முதல் 95 வரை போட்டால், சராசரி எடுக்கும்போது அந்த ஒருவரே போட்டியைத் தீர்மானித்துவிடுவார். வரிசைக் கெழு இதைக் காட்டிக்கொடுக்காது.

கடைசிக் கட்டம் தண்ணீரில். இங்கேதான் நம் கரையின் குணம் தெரிந்திருக்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா ஆகாது, வாடை என்கிற வடகிழக்குக் காற்று அடிக்கும்போது வடகடலான பாக் விரிகுடா ஆகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனிக் காலையில் வடகடல் நல்ல அமைதி. கரை வடக்கு பார்த்து இருப்பதால் அந்த மாதங்களில் வெயிலும் நடுவரின் கண்ணில் நேரே அடிக்காது. ஆனால் கரையோரம் ஆழம் குறைவு. ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த இடத்தில் படகின் அலை உருக்குலையும், விசிறி கடல்புல்லையும் கிழிக்கும். ஆழம் பார்த்து, நண்டு வலை போட்டிருக்கும் இடத்தைக் கிராமத்தில் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் பாதை குறிக்க வேண்டும். தென்பக்கம் 1986 முதல் தேசியப் பூங்காவான 21 தீவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

படகில் ஏறிய நடுவர் இடம் மாறி உட்காரக் கூடாது. 70 கிலோ ஆள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்தாலே ஒரு பக்கத்து அலை நுரைத்துச் சரியும், அந்தப் பக்கம் ஏறுபவருக்கு உயரம் கிடைக்காது. தேர்வில் இதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே போன வள்ளத்தின் அலையில் ஆட்டக்காரர் தடுமாறினால் உடனே சொல்கிறாரா, மறு ஓட்டம் பற்றித் தலைமை நடுவரிடம் கேட்கிறாரா என்பதையும் பாருங்கள்.

வேக்போர்டு ஆடியவர்தான் நடுவராக வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆடிய அனுபவம் உதவும், ஆனால் தான் போடும் ட்ரிக்குக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் பழக்கமும் கூடவே வரும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், பெண்கள் உட்பட, இந்தப் பன்னிரண்டு ஓட்டத் தேர்வில் உட்கார வாய்ப்புக் கொடுங்கள். தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். மதிப்பெண் குறிப்பவராக ஒரு பருவம் இருந்துவிட்டு மறுபடி தேர்வு எழுதட்டும். தேறியவர்கள் முதல் இரண்டு போட்டிகளில் கணக்கில் சேராத நிழல் நடுவராக மதிப்பெண் போடட்டும். அந்தத் தாள்களையும் அதே கெழுவால் சோதியுங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் புதுக் காணொலிகள் எடுக்க வேண்டும். ஒருமுறை வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்ட ஓட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் சரியான மதிப்பெண்ணை மனப்பாடம் செய்து வந்துவிடலாம்.