களியை மென்று தீர்ப்புச் சொன்னவர்கள்

கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை. உருண்டையிலிருந்து ஒரு விள்ளலைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, வாயில் வைத்த மாத்திரத்தில் விழுங்கிவிட வேண்டும். அது வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும் சூட்டில்தான் அதன் ருசியே இருக்கிறது. வட ஆற்காட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, சென்னையில் குளிரூட்டப்பட்ட ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்த நடுவருக்குத் தெரியவில்லை. எங்கள் அக்காவின் களியை அவர் சிறு கரண்டியால் வெட்டி எடுத்து, கடைவாயில் ஒதுக்கி, அரை நிமிடம் மென்றுவிட்டு, "டெக்ஸ்சர் கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். நான்கு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எந்தத் தொலைக்காட்சி, எந்தப் போட்டி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. வீட்டில் சமைப்பவர்களுக்கான மேடை என்று விளம்பரம் வந்தது. உணவகத்தில் வேலை பார்த்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் அதில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1990இல் பிரிட்டனில் பிபிசியில் மாஸ்டர்செஃப் தொடங்கியபோதே, சமையலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கு என்பதுதான் ஏற்பாடு. 2009இல் ஆஸ்திரேலியாவில் அது பெரிய திருவிழாவாகி, 2010இல் இந்திக்கும் 2021இல் தமிழுக்கும் வந்தது. அதைப் பார்த்து முளைத்தவை பல. நாங்கள் போனது அந்த முளைகளில் ஒன்று. அக்காவுக்குப் போக விருப்பமே இல்லை. "போய்த்தான் பாரேன்" என்று நச்சரித்து அனுப்பி வைத்தவன் நான் என்பதால், இந்தக் கோபத்தில் பாதி என் மீதே எனக்கு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இருபத்தாறு வருடமாக அக்கா களி கிளறுகிறாள். நொய்யை முதலில் குழைய வேகவிட்டு, அதன் தலையில் மாவைக் குன்றுபோல் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, மூடி வைத்துவிடுவாள். குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவு வெந்து அடங்கிய பிறகு, குண்டானை இறக்கி, இரண்டு கால்களுக்கும் நடுவே துணியோடு இடுக்கிக்கொண்டு, கட்டி தட்டாமல் கிளறும்போது அவளுடைய தோள்பட்டை இறங்கி ஏறுவதைப் பார்த்தால், அது சமையலா கழனி வேலையா என்று சந்தேகம் வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் வேகவில்லை என்று பொருள். இதற்கு மணிக்கணக்கு, தராசு, வெப்பமானி எதுவும் கிடையாது, அந்த ஈரக் கை ஒன்றுதான் கணக்கு.

அன்றைக்கு இரவு இரண்டு மணிக்கு எழுந்து இதையெல்லாம் செய்து, இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பும் வைத்து, எதிர்வீட்டாரிடம் இரவல் வாங்கிய ஹாட் பாக்ஸில் அடைத்து, காட்பாடியில் விடிகாலை ரயில் பிடித்தோம். எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம். டோக்கன் எண் 143. உள்ளே கூப்பிட்டபோது பிற்பகல் இரண்டு நாற்பது.

ஆறிய களி இறுகும். அது அக்காவின் குற்றமன்று, மாவுச்சத்தின் குணம். பழைய சோறு விறைப்பதும் நேற்றைய இட்லி கல்லாவதும் அதனால்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் கிளறிய களி எந்த ஹாட் பாக்ஸில் இருந்தாலும் இறுகத்தான் செய்யும். அது தெரிந்தே, போகும்போதே மாவும் நொய்யும் தனியாக ஒரு தூக்கில் எடுத்துப் போயிருந்தாள். "ஒரு அடுப்பு குடுங்க சார், அரை மணி நேரத்துல சுடச்சுடக் கிளறித் தந்துடறேன்" என்று அவள் கேட்டது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. இந்தச் சுற்றில் அடுப்பு கிடையாது, அடுத்த சுற்றில்தான் என்றார்கள். சமையல் போட்டியில் அடுப்பு அடுத்த சுற்றில்தான்! நீச்சல் போட்டிக்கு வந்தவனை முதலில் தரையில் கையடித்துக் காட்டச் சொல்லி, தேறினால் தண்ணீர் விடுகிறோம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆறிய உணவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது இவர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். விளக்கையும் காமிராவையும் சரிசெய்து முடிப்பதற்குள் தட்டு ஆறிவிடும் என்பதால், போட்டியாளர்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவர்கள் அடுப்படிக்கு வந்து சூடாக ருசி பார்த்துக்கொள்வது இவ்வகை நிகழ்ச்சிகளில் வழக்கம். வெளிநாட்டு நடுவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, காமிராவுக்கு முன்னால் நிற்கும் பத்துப் பதினைந்து பேருக்குச் சூடான நாக்கு. வெயிலில் நிற்கும் நூற்றுக்கணக்கான பேருக்கு ஆறிய நாக்கு.

கருவாட்டுக் குழம்புக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்ததும் ஒருங்கிணைப்பாளர் என்று அட்டை மாட்டிய ஓர் இளைஞர் மூக்கைச் சுளித்து, அதைக் கூடத்தின் கோடியில் இருந்த தனி மேசைக்கு மாற்றிவிட்டார். பக்கத்தில் மாதக்கணக்கில் நாறவைத்துப் பழுக்கவிட்ட பாலாடைக்கட்டியைப் போட்டு ஒருவர் செய்திருந்த ஏதோ ஒன்றுக்கு அந்தத் தண்டனை இல்லை. முள்ளுக் கத்தரியை அக்கா முள்ளைச் சீவிவிட்டுக் காம்போடு போட்டிருந்தாள்; காம்பைப் பிடித்து இழுத்தால் சதை நழுவி வர வேண்டும், அதுதான் பதம். நடுவர் காம்பைப் பார்த்து, "இதை நீக்கியிருந்தால் தட்டு நீட்டாக இருந்திருக்கும்" என்றார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் ஐயா அது! அதன் அடையாளமே அந்தக் காம்பில் இருக்கிற முள்தான்.

பிறகு ஒரு படிவம். எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. வாழ்க்கையில் நீங்கள் கடந்து வந்த பெரிய சோகம் எது என்பது இன்னொன்று. அக்கா நெடுநேரம் யோசித்தாள். மாமா குடிப்பதில்லை, பிள்ளைகள் இரண்டும் படித்து வேலைக்குப் போய்விட்டன, கடன் இல்லை. "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கிறோம்" என்றாள். அந்த இளைஞரின் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே. களி ஆறியதைவிட இந்த வீட்டில் துக்கம் இல்லாததுதான் பெரிய குறையாகிவிட்டது.

போகட்டும், தேறியவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று, வெட்கம் கெட்டுப்போய், அந்த நிகழ்ச்சியை வாராவாரம் பார்த்தேன். ஒருநாள் ஆற்காடு மக்கன் பேடாவைப் பிரித்துப் போட்டார்கள். கோவாவையும் மைதாவையும் பிசைந்து, முந்திரி, பாதாம், சாரைப்பருப்பு என்று உள்ளே பொதிந்து, பொரித்து, பாகில் ஊறவிட்ட அந்த உருண்டையை ஆற்காட்டில் வாங்கித் தின்றவனுக்குத் தெரியும்: வெளியே பார்க்க அது சாதாரணமாக, கருத்துப்போய் உட்கார்ந்திருக்கும், கடித்தால்தான் உள்ளே இருக்கும் பொதி பல்லில் அகப்படும். இவர்கள் உருண்டையை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் வைத்து, நடுவே பாகை மூன்று சொட்டு விட்டு, பூவிதழ் ஒன்றைத் தூவி, அதற்கு நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளே ஒளித்து வைப்பதுதான் அந்தப் பண்டத்தின் சாமர்த்தியம். அதை வெளியே எடுத்து வைத்ததற்குக் கைதட்டு!

ஆம்பூர்ப் பிரியாணி என்று இன்னொரு நாள். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது எல்லாம் சரிதான். ஆனால் மூடியின் மேல் தணலைப் போட்டு, டேக்சாவில் கிலோக்கணக்கில் தம்மில் விட வேண்டியதை, கால் கிலோ அரிசியில், அறுபது நிமிடத்தில், கடிகாரத்தைப் பார்த்து அழுதுகொண்டே ஒரு பெண் செய்தார். அவர் அழுததைத்தான் மூன்று கோணத்தில் காட்டினார்கள், தம் உடைத்ததைக் காட்டவில்லை. வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்து ஆம்பூர் திருப்பத்தூருக்கும் ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. ஆனால் அன்றிரவு மூன்று மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாமாவைத்தான் பொறுக்க முடியவில்லை. வாராவாரம் என்னோடு உட்கார்ந்து பார்த்ததில் அவருக்கு இப்போது நடுவர் நோய் பிடித்துவிட்டது. புளிச்சக்கீரைக் கடைசலைத் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "கலர் கான்ட்ராஸ்ட் பத்தலை" என்கிறார். இருபத்தாறு வருடம் தலை நிமிராமல் தின்ற மனிதர். அக்கா ஒன்றும் சொல்வதில்லை, கடைசலில் இருந்த கரண்டியை எடுத்துக் கழுவப் போட்டுவிடுகிறாள். மறுசோறு வேண்டுமென்றால் அவரே எழுந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று போன வாரம் விளம்பரம் ஓடியது. வரிசையின் முனையில் ஒற்றை கேஸ் அடுப்பும் ஒரு குண்டானும் வைத்தால் போதும், நானே அக்காவை மறுபடி அழைத்து வருகிறேன் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "அந்தத் தனி மேசை மேல ஹாட் பாக்ஸ் மூடிய வெச்சாங்களே, அத முதல்ல வாங்கிட்டு வா" என்றாள். எதிர்வீட்டாரின் ஹாட் பாக்ஸ் நான்கு மாதமாக எங்கள் வீட்டில்தான், ஒரு எவர்சில்வர் தட்டைப் போட்டு மூடிக் கிடக்கிறது.