ரோமின் வலிமை எங்கே பிறந்தது?

ரோம் என்றதும் சீசரும் படையணிகளும் கொலோசியமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த நகரம் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், கடனில் மூழ்கிய ஒரு முதியவரிடமிருந்துதான் நான் தொடங்குவேன்.

அது கி.மு. 495-ஆம் ஆண்டில் நடந்ததாக, சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார். கந்தலும் பரட்டைத் தாடியுமாக ஒருவர் நகரச் சதுக்கத்துக்குள் வந்து நிற்கிறார். அவர் முன்னாள் படைத்தலைவர் என்பதைச் சிலர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நெஞ்சில் போர்த் தழும்புகள். முதுகிலோ கடன் கொடுத்தவனின் சாட்டை பதித்த புதுக் காயங்கள். அவர் போர்க்களத்தில் இருந்தபோது எதிரிகள் விளைச்சலை அழித்து, வீட்டைக் கொளுத்தி, மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். வரி கட்டக் கடன் வாங்கினார். வட்டி ஏறி முதலில் பாட்டன் நிலமும், கடைசியில் அவருடைய உடலுமே பறிபோயின.

காட்சியில் லிவியின் கற்பனை கலந்திருக்கலாம், கொடுமை கற்பனையன்று. கி.மு. 451–450-இல் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, தீர்ப்புக்குப் பின் கடனாளிக்கு 30 நாள் அவகாசம். பிறகு 60 நாள் விலங்கு. அதற்குள் யாரும் மீட்காவிட்டால் ரோமின் எல்லையாக இருந்த டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்றுவிடலாம்.

கி.மு. 494-இல் பிளபியர் எனப்பட்ட பொதுமக்கள், போருக்குப் போக மறுத்து நகரைவிட்டு வெளியேறிப் புனிதக் குன்றில் தங்கினார்கள். வயிற்றுக்கும் கை கால்களுக்கும் நடந்த சண்டையைக் கதையாகச் சொல்லி, உயர்குடியினர் தூது அனுப்பிய மெனேனியஸ் அகிரிப்பா அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்பார்கள். ஒரு கதையைக் கேட்டு அவர்கள் திரும்பினார்கள் என்று நான் நம்பவில்லை. தங்களைக் காக்கும் டிரிபியூன் என்ற பதவியைப் பெற்ற பிறகே திரும்பினார்கள். அன்றைய ரோமில் உழவனே சிப்பாய். ஆயுதத்தையும் அவனேதான் கொண்டுவர வேண்டும். அவனை விலங்கிட்டால் படை கரையும் என்பதை உயர்குடியினரான பெட்ரீசியர் கண்டுகொண்டதால்தான், மனமில்லாமலே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார்கள்: கி.மு. 445-இல் கலப்பு மணம், 367-இல் கான்சல் என்ற உச்ச ஆட்சிப் பதவியில் பங்கு, 326-இல் கடனடிமை ஒழிப்பு, 287-இல் பிளபியர் அவையின் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும் என்ற சட்டம். இது மக்களாட்சி ஆகிவிடவில்லை. கான்சல்களைத் தேர்ந்தெடுத்த அவையின் 193 பிரிவுகளில் சொத்தே இல்லாதவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பிரிவுதான் இருந்தது.

ஆனாலும் உள்ளே இப்படி இழுபறியாகக் கற்ற பாடத்தை ரோம் வெளியேயும் கையாண்டது என்பதே என் கருத்து. கி.மு. 338-இல் அண்டையிலிருந்த லத்தீன் நகரங்களை வென்றபோது கப்பம் கேட்கவில்லை. சிலருக்கு முழுக் குடியுரிமையும், சிலருக்கு வாக்கில்லாக் குடியுரிமையும், மற்றவர்களுக்கு நேச உறவும் தந்து, பதிலுக்குப் படைவீரர்களைக் கேட்டது. அதன் பலன் கி.மு. 216-இல் தெரிந்தது. தெற்கு இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜ் படைத்தலைவர் ஹன்னிபால் ஒரே நாளில் சுமார் 50,000 பேரைக் கொன்றார். ரோமின் பக்கம் இருந்த கப்புவா போன்ற இத்தாலிய நகரங்கள் அவர் பக்கம் சாய்ந்தன. லத்தீன் நகரங்களோ அசையவில்லை.

இதை எதிரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹன்னிபாலுடன் கூட்டுச் சேர்ந்த மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப், தம் ஆட்சிக்குட்பட்ட லாரிசா என்ற கிரேக்க நகரத்தாருக்கு எழுதிய கடிதம் கல்லில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் குடியுரிமை தருகிற ரோமானியரைப் பாருங்கள், அதனால்தான் அவர்கள் பெருகுகிறார்கள் என்று அதில் தம் மக்களுக்கு எடுத்துச் சொல்கிறார்.

அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தன் குடிமகனைக் கடனுக்காக விலங்கிடக் கூடாது என்று சட்டம் செய்த அதே ரோம், கி.மு. 167-இல் கிரேக்கத்தின் வடமேற்கிலுள்ள எபிரஸ் நாட்டின் எழுபது ஊர்களைச் சூறையாடி, 1,50,000 பேரை அடிமைகளாக விற்றது.